ருமாட்டிக் காய்ச்சலால் இதய அழற்சி கண்ட குழந்தையைப் பராமரிக்கும் முறை

ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தில் அழற்சி ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை வீடு திரும்பும்போது, பெற்றோர் கையில் தரப்படும் சீட்டில் நான்கைந்து மருந்துகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி என்று கடைசி வரியில் எழுதியிருப்பது மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. குழந்தை பழையபடி ஓடியாடத் தொடங்கியதும் முதலில் கைவிடப்படுவதும் அந்த ஊசிதான். அந்தக் கடைசி வரியை ஒரு குடும்பம் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடைப்பிடிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரை முதன்மையாகச் சொல்கிறது. மருந்தின் அளவையும் காலத்தையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்; அவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவை இங்கே உள்ளன.

இதய அழற்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. வைரஸ் தொற்றால் இதயத் தசை வீங்குவதும், இதயத்தைச் சூழ்ந்த உறை வீங்குவதும் தனி நோய்கள். அவற்றுக்கு நீண்டகாலப் பெனிசிலின் தேவையில்லை. ஆகவே உங்கள் குழந்தைக்கு வந்தது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டு, நோயின் பெயரை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்வது முதல் வேலை.

இந்த அழற்சி எப்படி வருகிறது

எல்லாம் தொண்டையில் தொடங்குகிறது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையைத் தாக்கும்போது உடல் அதற்கு எதிராக நோயெதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள சில புரதங்கள் நம் இதயத்திலும் மூட்டுகளிலும் உள்ள திசுக்களை ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்கப் புறப்பட்ட படை தன் வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. தொண்டை வலி தீர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு போன்ற பெரிய மூட்டுகளில் வலியும் வீக்கமும் தோன்றுகின்றன. ஒரு மூட்டு ஆறும்போது இன்னொரு மூட்டு வீங்குவது இந்நோயின் தனி இயல்பு.

மூட்டு வீக்கம் தழும்பின்றி ஆறிவிடும். இதயம் அப்படியல்ல. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவர்கள் இதைப் பல தலைமுறைகளாகக் குறிப்பிட்டு வருகிறார்கள். இதயத்தின் உள்சவ்வு, தசை, வெளியுறை ஆகிய மூன்றையுமே இந்த அழற்சி பிடிக்கக்கூடும் என்றாலும், நிலையான சேதம் விழுவது வால்வுகளில்தான். அதிலும் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வில்தான் மிகுதி. முதல் தாக்குதலில் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கையில் வால்வு லீக் என்று சொல்லப்படுவது இதுவே. அழற்சி மீண்டும் மீண்டும் வந்தால் வால்வின் இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடும். ஒவ்வொரு புதிய தொண்டைத் தொற்றும் பழைய புண்ணைக் கிளறும் என்பதால், தொற்றே வராமல் தடுப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. ஊசிக்கு இவ்வளவு முதன்மை தரப்படுவதன் காரணம் இதுதான்.

எப்போது ஐயப்பட வேண்டும்

இந்நோயை உறுதி செய்யத் தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. 1944-இல் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த அளவுகோல்களே, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் பயன்படுகின்றன. 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்தியா போன்ற நாடுகளுக்கு முக்கியமானது. ஸ்டெதஸ்கோப்பில் எந்த முணுமுணுப்பும் கேட்காதபோதும் எக்கோவில் தெரியும் வால்வுக் கசிவை இதய அழற்சியாகக் கொள்ள அது இடம் தந்தது; நோய் மிகுந்த பகுதிகளில் ஒரேயொரு மூட்டின் வீக்கத்தையும் பெரிய அறிகுறியாக ஏற்றது. எனவே மூட்டு வீங்கிய குழந்தைக்கு இதயத்தில் தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும் எக்கோ எடுக்கச் சொன்னால், அதை வீண் செலவென்று ஒதுக்கக் கூடாது.

இங்கே பெற்றோர் அறியாமல் செய்துவிடும் பிழை ஒன்று உண்டு. மூட்டு வீங்கியதும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ருமாட்டிக் காய்ச்சலின் மூட்டு வலி ஆஸ்பிரின் வகை மருந்துகளுக்கு ஓரிரு நாளிலேயே அடங்கிவிடும் இயல்புடையது. வலி இடம் மாறுகிறதா என்று மருத்துவர் பார்க்கும் வாய்ப்பு அதனால் கைநழுவிப் போகிறது. நோய் அடையாளம் காணப்படும் வரை, தாங்க முடியாத வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிட்டு, வீங்கிய மூட்டைக் கைப்பேசியில் நாள்தோறும் படமெடுத்து வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை நடக்கிறது. இரவில் கால் வலிக்கிறது என்று அழும் குழந்தைக்கு ஏ.எஸ்.ஓ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, எண் கூடியிருக்கிறது என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் பெனிசிலின் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண், குழந்தைக்கு அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போயிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பள்ளி செல்லும் எத்தனையோ ஆரோக்கியமான குழந்தைகளிடமும் அது கூடியிருக்கும். மூட்டில் வீக்கமே இல்லாமல், இரவில் வலித்துக் காலையில் விளையாட ஓடிவிடும் கால்வலி பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல் அல்ல. ஏ.எஸ்.ஓ. எண்ணை மட்டும் வைத்து ஊசி தொடங்கச் சொன்னால், இதய மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது தவறில்லை.

இன்னொரு அறிகுறி வீட்டிலும் வகுப்பறையிலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. தொண்டைத் தொற்று வந்து பல மாதங்கள் கழித்துக்கூட, சில குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, கை கால்களும் முகமும் தம் விருப்பமின்றித் துள்ளி அசையும், எழுத்து திடீரெனக் கோணலாகும், டம்ளர் கைநழுவும், காரணமின்றி அழுகை வரும். உறங்கும்போது இந்த அசைவுகள் நின்றுவிடும். கொரியா எனப்படும் இந்நிலையில் காய்ச்சலோ மூட்டு வலியோ இல்லாமலும் இரத்தப் பரிசோதனைகள் இயல்பாகவும் இருக்கலாம். கவனக்குறைவு என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது எக்கோ.

முதல் சில வாரங்கள்

அழற்சி தணியும் வரை ஓய்வு தேவை. முன்பு மாதக்கணக்கில் கட்டிலோடு கிடத்தி வைப்பார்கள்; இப்போது அவ்வளவு கடுமை இல்லை. இதய வீக்கமோ மூச்சிரைப்போ இருக்கும் வரை படுக்கையில் ஓய்வும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்த அளவுகள் இறங்கி வரும்போது வீட்டுக்குள் நடமாட்டமும், பிறகு பள்ளியும், கடைசியாக விளையாட்டும் என்று படிப்படியாக மருத்துவர் அனுமதிப்பார். விளையாட்டு ஆசிரியருக்கு மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிடுவது நல்லது. ஓடாதே என்று குழந்தையிடம் மட்டும் சொல்லி அனுப்புவதால் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடிய கண்காணிப்புகளில் நான் உயர்வாகக் கருதுவது உறக்க நாடியை எண்ணுவது. குழந்தை ஆழ்ந்து உறங்கி ஒரு மணி நேரம் ஆனபின், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழை பெருகும். விழித்திருக்கும்போது அச்சத்தாலோ அழுகையாலோ நாடி ஏறலாம். உறக்கத்தில் அந்தச் சாக்குகள் இல்லை. காய்ச்சல் இல்லாத பள்ளி வயதுக் குழந்தைக்கு உறக்கத்திலும் தொடர்ந்து நிமிடத்துக்கு 100-க்கு மேல் இருந்தாலோ, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, இதயத்தில் அழற்சி இன்னும் தணியவில்லை என்று ஐயப்பட இடமுண்டு. தேதி, வெப்பநிலை, நாடி, காலை எடை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, மூட்டுக்கு ஆஸ்பிரின் வகையும், இதய அழற்சி கடுமையாக இருந்தால் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டும், இதயம் நீர் கோத்துத் திணறினால் நீர் பிரிக்கும் மாத்திரையும் தரப்படும். ஆஸ்பிரினை வெறும் வயிற்றில் தரக் கூடாது. ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தாலும், வந்தவரோடு பழக நேர்ந்தாலும், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஸ்டீராய்டை முகம் உப்பிவிட்டது என்பதற்காக நாமே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீர் கோத்த குழந்தைக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் வைப்பதில் பொருளில்லை.

படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், இரவில் விடாத இருமல், கால் அல்லது முகத்தில் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென ஏறுதல், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழைக்கலாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

பென்சத்தீன் பெனிசிலின் என்பது தசையில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும் மருந்து. 27 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 12 லட்சம் யூனிட், அதற்குக் குறைந்த எடைக்கு 6 லட்சம் யூனிட் என்பது வழக்கம்; எடை குறைந்த குழந்தைகளுக்குச் சில மருத்துவர்கள் இடைவெளியையும் குறைப்பார்கள். நான்காவது வாரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு காக்கும் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடக்கூடும் என்பதால், தொற்று மிகுந்த நம் நாட்டில் 21 நாளுக்கு ஒருமுறை போடுகிறார்கள். மாதம் ஒரு ஊசி என்று பேச்சில் சொல்லிப் பழகிவிட்டால், ஒவ்வொரு மாதமும் ஒன்பது பத்து நாள் குழந்தை பாதுகாப்பின்றி இருக்கக்கூடும்.

21 நாள் என்பதில் ஒரு வசதி இருக்கிறது: ஊசி நாள் எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும். முதல் ஊசியைச் சனிக்கிழமை போட்டால் எல்லா ஊசிகளும் சனிக்கிழமையே. பள்ளி கெடாத, பெற்றோரில் ஒருவருக்கேனும் வேலையில்லாத கிழமையைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள். பின் ஆண்டு முழுவதற்குமான தேதிகளைத் தினசரிக் காலண்டரில் ஒரே நாளில் குறித்துவிடலாம். ஆண்டுக்குப் பதினேழு அல்லது பதினெட்டு ஊசிகள் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதோ தேர்வோ குறுக்கிட்டால், ஊசியை இரண்டு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டுமே தவிரப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. தவறிவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே போட்டு, அன்றிலிருந்து புதிதாக 21 நாளை எண்ண வேண்டும்.

ஊசி வலிக்கும், அதை மறைத்துக் குழந்தையை அழைத்துச் செல்வது இரண்டாம் முறையிலிருந்தே பலிக்காது. வலியைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்லாதீர்கள். உண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். உட்கார வைத்துப் போடாமல் படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள். மயங்கிச் சாய்வது இதனால் குறையும். மருந்து கெட்டியான பால் போன்றது. நன்றாகக் கலக்காவிட்டால் ஊசி அடைத்துக்கொண்டு இரண்டாம் முறை குத்த நேரிடும். குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுவதும், மருந்தை இரண்டு மூன்று நிமிடமெடுத்து மெதுவாகச் செலுத்துவதும், இடப்பக்கம் வலப்பக்கம் என மாற்றி மாற்றிப் போடுவதும் உண்மையாகவே வலியைக் குறைக்கும். செவிலியரிடம் இவற்றைப் பணிவோடு கேட்பதில் தயக்கம் வேண்டாம். மரத்துப்போகும் மருந்தைச் சேர்த்துப் போடுவது மருத்துவரின் முடிவு. போட்டபின் குழந்தையை நடக்க விடுங்கள். இந்த மருந்து தசைக்குள் மட்டுமே போகலாம். இரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால், அனுபவமுள்ளவர் போடுவதே நல்லது.

ஒவ்வாமை பற்றிய அச்சம் இந்த ஊசியை விட்டு அகலாத நிழல். தனியார் கிளினிக்குகள் பல இதைப் போட மறுப்பதும் அந்த அச்சத்தால்தான். கடுமையான ஒவ்வாமை அரிது. ஆனால் அது வரும்போது உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே அவசரச் சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊசியைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். எங்கே எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து, இரண்டாவது இடம் ஒன்றையும் தெரிந்து வைத்திருப்பது, மருந்து இருப்பில் இல்லை என்ற பதில் வரும் நாளில் உதவும்.

மருத்துவரிடம் கேட்டே தீர வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. வால்வு மிகக் கடுமையாகச் சேதமடைந்து, இதயத்தின் இயக்கம் குன்றியவர்களில் ஊசி போட்ட சிறிது நேரத்தில் நிகழும் சில மரணங்களுக்கு, ஒவ்வாமையைவிட, வலியாலும் அச்சத்தாலும் இரத்த அழுத்தம் சரிந்து இதயம் தாங்காமல் போவதே காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரையில் கூறி, அத்தகையவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக மாத்திரையைப் பரிந்துரைத்தது. என் குழந்தை அந்த வகையில் சேருமா என்று கேளுங்கள். மற்றவர்கள், வலிக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரைக்கு மாறுவது நல்லதல்ல. நாளுக்கு இருவேளை, ஆண்டின் 365 நாளும் மறக்காமல் விழுங்குவது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போவதைவிடக் கடினம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எரித்ரோமைசின் போன்ற மாற்று உண்டு.

எவ்வளவு காலம் என்பது இதயத்தின் நிலையைப் பொறுத்தது. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதலின்படி, இதய அழற்சி வராதவர்களுக்கு 5 ஆண்டு அல்லது 21 வயது வரை. அழற்சி வந்து வால்வில் சேதமின்றி ஆறியவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 21 வயது வரை. வால்வில் சேதம் நின்றுவிட்டவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, சிலருக்கு வாழ்நாள் முழுவதும். இரண்டில் எது நீண்டதோ அதுவே கணக்கு. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையில் வயது வரம்புகள் சற்று வேறுபடும்.

இத்தனை ஆண்டு குத்திக்கொண்டிருப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று சொல்லலாம். உகாண்டாவில் 818 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், எக்கோவில் மட்டுமே தெரியும் தொடக்க நிலைச் சேதம் இருந்தவர்களுள், ஊசி போடாத பிரிவில் இரண்டு ஆண்டில் 33 பேருக்கு நோய் முற்றியது. ஊசி போட்ட பிரிவில் 3 பேருக்கு.

தொண்டை, பல், அறுவை

ஊசி ஒழுங்காகப் போடும் குழந்தைக்கும் கடுந்தொண்டை வலி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்த சளித் தொண்டை பெரும்பாலும் வைரஸ். காய்ச்சலோடு, இருமலின்றி, விழுங்கவே முடியாமல் வலித்து, கழுத்தில் நெறி கட்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஐயப்படலாம். தொற்று தொடங்கி 9 நாளுக்குள் உரிய மருந்து கொடுத்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். மாத்திரையாகக் கொடுத்தால் 10 நாளும் முழுமையாகக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் வலி போய்விட்டதே என்று நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். உடன் பிறந்தவர்களின் தொண்டை வலியையும் அதே அக்கறையோடு பாருங்கள்.

பல் துலக்குவது இந்தக் குழந்தைகளுக்கு இதயப் பராமரிப்பின் ஒரு பகுதி. சொத்தைப் பல்லின் கிருமிகள் சேதமடைந்த வால்வில் குடியேறக்கூடும். மூன்று வார ஊசி அதைத் தடுக்காது. பல் பிடுங்கும் முன் தனி மருந்து தேவையா என்பதை இதய மருத்துவரே சொல்ல வேண்டும் என்பதால், பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அட்டையைக் காட்டுங்கள்.

சுருங்கிய மைட்ரல் வால்வைப் பலூன் செலுத்தி விரிக்கலாம். கசிவைத் தைத்துச் சீராக்கலாம். இயலாதபோது செயற்கை வால்வு பொருத்தலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இந்நோயால் வதைபட்ட ஏழை நோயாளிகள் பலருக்கு எட்டும் விலையில் கிடைத்தது. தமிழ்நாட்டில் இத்தகைய சிகிச்சைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள். உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும், இரத்தம் உறையும் தன்மையை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடு எடுக்க வேண்டும். அறுவை முடிந்துவிட்டது, இனி ஊசி எதற்கு என்று நிறுத்திவிடக் கூடாது. மாற்றாத மற்ற வால்வுகளை அடுத்த அழற்சி தாக்கும். உறைவுத் தடுப்பு மருந்தில் இருப்பவர் தசை ஊசி போடும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெண் குழந்தை வளர்ந்து திருமண வயதை எட்டும்போது, வால்வு நோயை மறைத்து மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் அளவு பெருகுவதால், அதுவரை அமைதியாக இருந்த சுருங்கிய வால்வு ஐந்தாறு மாதத்தில் மூச்சுத்திணறலாக வெளிப்படலாம். உறைவுத் தடுப்பு மாத்திரைகள் சில கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்கு முன்பே எக்கோ எடுத்து இதய மருத்துவரிடம் பேச வேண்டும். பெனிசிலின் ஊசியைக் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் தொடரலாம்.

ஊசி பெரும்பாலும் விட்டுப்போவது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து விடுதிக்கோ வேலைக்கோ வெளியூர் போகும்போது. அதுவரை தேதியைத் தாய் நினைவில் வைத்திருந்திருப்பார். பதினான்கு வயதிலிருந்தே காலண்டரில் குறிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஊர் மாறும் முன், நோயின் பெயர், கடைசி எக்கோவின் முடிவு, மருந்தின் அளவு, முதல் ஊசி போட்ட தேதி, எந்த வயது வரை என்ற குறிப்பு ஆகியவை அடங்கிய அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியில் ஏற்றி, போய்ச் சேரும் ஊரில் ஊசி போடும் இடத்தையும் அடுத்த தேதியையும் உறுதி செய்த பிறகே அனுப்பி வையுங்கள்.